கந்தளாய்க் குளக்கட்டா, வெருகல் ஆற்றங்கரையா?

கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் திருகோணமலைக்கு வந்து இறங்கினால் முதல் இரண்டு நாட்களும் எனக்கு வேலையில்லை. கோணேசர் கோயில், நிலாவெளி, புறாமலை என்று அவர்களே ஓடித் திரிவார்கள். மூன்றாம் நாள் காலையில், வெயிலில் தோலுரிந்த முதுகோடு வந்து, "சனமில்லாத இடம் எதுவும் இல்லையா?" என்று கேட்பார்கள். இரண்டு இடங்கள் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்; நான் ஒருமுறை போட்டேன், பாதி நாள் வாகனத்துக்குள்ளேயே போனது.

கந்தளாய், நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கொழும்பு, கண்டி பஸ்களெல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன, ரயிலும் நிற்கிறது. குளத்தைக் கட்டியவன் இரண்டாம் அக்கபோதி மன்னன் என்கின்றன சிங்கள வரலாற்று நூல்கள். திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் குளக்கோட்டன் என்ற தமிழ் மன்னன் என்பார்கள். அந்த வழக்கைக் குளக்கட்டின்மேல் நடந்துகொண்டே பேசலாம், அவ்வளவு நீளம் இருக்கிறது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இதே கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு பக்கம் கடல்போல நீர், மறுபக்கம் தாழ்வில் வயலும் வீடுகளும் என்று பார்க்கும்போது அது நினைவுக்கு வராமல் போகாது.

மாலை ஐந்து மணிக்குப் போங்கள். நீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தபடி வரிசையாக அமர்ந்திருக்கும். ஒற்றைத் தோணியில் வலை இழுப்பவர் நம்மைத் திரும்பியும் பார்க்க மாட்டார். நண்பகலில் போனவர்கள் வந்து என்னைத் திட்டுகிறார்கள். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் கட்டின்மேல் நிழல் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வெருகலுக்கு வருவோம். கிண்ணியா, மூதூர் தாண்டி, மட்டக்களப்பு வீதியில் ஏறக்குறைய பாதித்தூரம். மகாவலியிலிருந்து பிரிந்து வரும் கிளைதான் வெருகல் ஆறு. திருகோணமலை மாவட்டம் அதோடு முடிகிறது. முன்பு இந்தப் பயணத்தில் பாதைக்காகக் காத்திருப்பதே ஒரு பொழுதாகப் போகும். (வெளியூரார் கவனிக்க: எங்கள் ஊரில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி ஆறு கடத்தும் மிதவை.) கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் அந்தக் கதை மாறிவிட்டது. 2006இல் மாவிலாற்று மதகை ஒட்டி மூண்ட சண்டையில் இந்தப் பக்கத்து ஊர்களே இடம்பெயர்ந்து போயின. இங்கே விடுதிகள் வரிசை கட்டாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆற்றங்கரையில் சித்திர வேலாயுதர் கோயில். திருவிழா நாளில் நிற்க இடமிருக்காது, மற்ற நாட்களில் மணியோசை மட்டும்தான். கரையோரத்தில் மருதமர நிழல். தண்ணீர் தேநீர் நிறத்தில் சத்தமில்லாமல் நகரும். ஒருவர் வீச்சுவலையைப் பல்லில் ஒரு முனை கடித்து, இடுப்பை ஒடித்து எறிவார். வலை வட்டமாக விரிந்து விழும். இழுத்தால் மூன்று சிறு மீன். அவர் சலிக்காமல் மறுபடி எறிவார். இதற்குமேல் அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. இது போதும் என்பவர்கள் மட்டும் போகலாம்.

குளிப்பு விஷயத்தில் இரண்டுக்கும் மதிப்பெண் குறைவுதான். குளத்தில் மதகுப் பக்கம் ஆழம். ஆற்றில் முதலை உண்டு. ஊரவர் இறங்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். மாரி காலத்தில் வெருகலை மறந்துவிடுங்கள், வெள்ளம் வரும். அப்போது கந்தளாய்க் குளம் நிறைந்து அழகாக இருக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் நிலைமை தலைகீழ்: குளம் வற்றிச் சேறு தெரியும், ஆற்றங்கரையில் நிழல் அப்படியே இருக்கும். சேற்றுக்கு வரும் கொக்குகளைப் பார்க்கவென்றே போகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கூட்டம்.

கிண்ணியாக் களப்பில் வள்ளச் சவாரி என்று மூன்றாவதாக ஒன்றும் சொல்வார்கள். ஏறும்போது ஒரு விலை, இறங்கும்போது இன்னொரு விலை கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. பேசி முடித்தபின் காலை வையுங்கள்.

சாப்பாட்டில் கந்தளாய்க்கே வெற்றி. கடைகள் உண்டு, வழியில் எருமைத் தயிர்ச் சட்டியும் வாங்கலாம். வெருகலுக்குச் சோற்றுப் பொதி, தண்ணீர், பாய் எல்லாம் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

அதனால் முழங்கால் வலிக்காரருக்கும் சிறுபிள்ளைக்காரருக்கும் கந்தளாய் என்பது என் வழக்கமான தீர்ப்பு. சென்ற முறை வந்த மாமிக்கும் அதையே சொன்னேன். அவர் கேட்கவில்லை, கோயிலைக் கும்பிட வேண்டும் என்று வெருகலுக்கே போகச் சொன்னார். கும்பிட்டு முடித்துப் பாயை விரித்து உட்கார்ந்தவரை, இருட்டினால் வீதிக்கு யானை வரும் என்று பயமுறுத்தித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.