சுங்கை சிப்புட் வார இறுதி யூஎக்ஸ் எழுத்து வகுப்பு

செயலி, இணையதளத் திரைகளில் வரும் வாசகங்களை எழுதுவதுதான் யூஎக்ஸ் எழுத்து. இந்த வகுப்பில் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். பாடமே புகாரிலிருந்துதான் தொடங்குகிறது: ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், செயலியில் அந்தத் திரையின் வாசகத்தைப் பாருங்கள் என்கிறார்கள். "பரிவர்த்தனை தோல்வி" என்பதை "பணம் போகவில்லை. கணக்கில் கழிக்கப்படவில்லை. மீண்டும் அனுப்புங்கள்" என்று மாற்ற வைக்கிறார்கள். நடுவாக்கியம்தான் உயிர், அது இல்லாததால்தான் பதறிப்போய் போன் அடிக்கிறார்கள். ஆனால் பொறியாளரிடம் உறுதிசெய்யாமல் அதை எழுதவே கூடாது. இதை அழுத்திச் சொல்லித் தருவது அருமை.

திரைகளை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவில் தரும் பயிற்சி போதாது. தமிழ்ச் சொல் நீண்டு பொத்தானுக்குள் அடங்காமல் போவதை அங்கேதான் பார்க்க முடியும்.

பெரிய குறை: மாணவர்கள் தங்கள் எழுத்தைக் காட்டச் சேர்க்கும் மாதிரித் தொகுப்புக்குப் பழைய புகார்களை அப்படியே எடுக்க விடுகிறார்கள். நிறுவனத்தின் அனுமதி வாங்கி, பெயர், தொலைபேசி எண், கணக்கு எண்ணை நீக்குங்கள். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.