லேப் மெஷின்களுக்கு ‘ஆட்டோமேட்டிக்’ பெயர் வைக்க ₹14,000 கொடுத்து ஏமாந்த கதை

எங்கள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. 40 அசெம்பிள்டு மெஷின்களில் உபுண்டு என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தானாகவே ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் மெஷினை அடையாளம் காட்டும் பெயர்) விழும்படி செய்து தரும் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். மெஷினுக்கு ₹350. இதே வேலையை வெளியில் கொடுக்க நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிடுங்கள்.

டெமோவை அவர்கள் ஆபீசில் ஒரு பிராண்டட் மெஷினில் காட்டினார்கள். மதர்போர்டில் பதிந்திருக்கும் சீரியல் நம்பரைப் படித்து ஸ்கிரிப்ட் பெயர் வைத்தது. நன்றாகத்தான் இருந்தது. லேபுக்கு வந்து ஒரு மெஷினைத் தயார் செய்து, மீதி 39க்கும் அதையே அச்சு அசலாக நகலெடுத்து, அதாவது குளோன் அடித்தார்கள். சாயங்காலம் இன்ஜினியர் தன் லேப்டாப்பில் பட்டியலைக் காட்டினார். டிஃபால்ட்-ஸ்ட்ரிங், டிஃபால்ட்-ஸ்ட்ரிங்-2, அப்படியே 40 வரை.

“என்ன தம்பி, பேர் இப்படி இருக்கு?”

“அது ஃபார்மேட் சார்.”

நாற்பதும் வேறு வேறாக இருந்தன, மேசைவாரியாகப் பட்டியலும் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது என் தப்பு.

விலை குறைந்த பல மதர்போர்டுகளில் சீரியல் நம்பரையே யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கேட்டால் ‘டிஃபால்ட் ஸ்ட்ரிங்’ என்றுதான் பதில் வரும். ஸ்கிரிப்ட் நடுவில் ஒரு கோடு போட்டு அதையே பெயராக்கிவிட்டது. ஆக, நாற்பதுக்கும் ஒரே பெயர்! பின்னால் இருந்த எண்ணைப் போட்டது, மெஷின்கள் நெட்வொர்க்கில் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்க உதவும், உபுண்டுவோடு வரும் அவஹி என்ற புரோகிராம். நெட்வொர்க்கில் அதே பெயரில் இன்னொன்று இருந்தால் அடுத்து வருவதற்கு 2, 3 என்று ஒட்டிக்கொண்டே போகும். எது முதலில் ஆன் ஆகிறதோ அதைப் பொறுத்து மறுநாள் எல்லாமே மாறிவிடும்.

மாடல் பிராக்டிகல் அன்றுதான் இது தெரிந்தது. 12ஆம் மேசையில் திரை உறைந்துவிட்டது என்று ஒரு மாணவி கையைத் தூக்கினாள். என் இடத்திலிருந்தே, பட்டியலில் 12க்கு இருந்த பெயருக்கு எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினுக்குள் போகும் வழி) ரீபூட் கொடுத்தேன். 12 அசையவில்லை. ஜன்னலோரம் 31இல் இருந்த பையன் “சார்!” என்று அலறினான். முக்கால் மணி நேரம் அடித்த புரோகிராம், சேவ் செய்யாதது. பாவம், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வழக்கமாக அதே பெயரில் வேறு மெஷினுக்குள் போனால், மெஷினின் அடையாளமான கீ மாறியிருக்கிறது என்று எஸ்எஸ்எச் தடுக்கும். குளோனில் அந்தக் கீயும் நாற்பதிலும் ஒன்றே, அதனால் மூச்சுவிடவில்லை. போன் செய்தால் “உங்க நெட்வொர்க் பிரச்சினை சார்”. நாலாவது தடவை எடுக்கவே இல்லை.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். மேசைமேசையாகப் போய் மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டின் தனி எண்) குறித்து, மெஷின்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரில், அதற்கான டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராமில் மெஷினுக்கு ஒரு வரி எழுதினேன்: மேக், பெயர், ஐபி. ஒவ்வொன்றிலும் பழைய ஹோஸ்ட்நேமையும், குளோனில் ஒன்றாகவே வந்திருந்த மெஷின் ஐடியையும் (சிஸ்டத்தின் உள் அடையாள எண்) அழித்து, எஸ்எஸ்எச் கீயைப் புதிதாக உருவாக்கினேன். இரண்டு சாயங்காலம் ஆனது.

நீங்கள் யாரிடமாவது கொடுத்தால் டெமோவை உங்கள் மெஷின்களிலேயே, குறைந்தது மூன்றில், காட்டச் சொல்லுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, வேறு வரிசையில் ஆன் செய்து, பெயர்கள் மாறுகிறதா என்று பாருங்கள். பில்லில் கையெழுத்து அதற்கு அப்புறம்.