குதிரைக்குக் கரி, மனிதருக்கு எண்ணெய் வண்ணமா? நேரில் பார்த்து வரைய எது தோது

எதிரே உட்கார்ந்திருப்பவர் மனிதர் என்றால், 20 நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லலாம். 5 நிமிட ஓய்வுக்குப் பின், தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தில் பாதத்தை வைத்து மறுபடி அமர்த்தலாம். குதிரையிடம் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்கும். கொஞ்ச நேரத்தில் எடையை மறு காலுக்கு மாற்றும், இடுப்பின் சாய்வே மாறிவிடும்.

அதனால் லாயத்துக்கு வில்லோ கரிதான் (வில்லோ மரக்குச்சியைச் சுட்ட கரி) முதலில். துணியால் தட்டினாலே கோடு உதிர்ந்துவிடும். ஒரே தாளில் மூன்று நான்கு தலைகளைத் தொடங்குங்கள். குதிரை திரும்பினால் அடுத்ததற்குப் போங்கள், பழைய நிலைக்கு வந்ததும் விட்டதைத் தொடருங்கள். அழுத்தக் கரியை, அதாவது பொடியை அழுத்திச் செய்த கரிக்கட்டியை, கடைசியாகப் போடும் இருண்ட பகுதிகளுக்கு மட்டும் எடுங்கள், அது லேசில் அழியாது. மனிதத் தலையில் கண் உச்சிக்கும் தாடைக்கும் நட்டநடுவில் இருக்கும். கை பழகிய அதே இடத்தில் குதிரைக்கும் போட்டால் மூக்குப் பகுதி குட்டையாகி, குட்டியின் முகம் வந்து நிற்கும். குதிரைக்கு உச்சியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் கண்.

சாஃப்ட் பேஸ்டலில் (மென்மையான நிறப்பொடிக் குச்சி) நிறம் உடனே கிடைக்கும், காய வேண்டியதில்லை. துண்டைப் படுக்கவைத்து மயிர் படிந்த திசையில் ஒரே இழுப்பு, மினுமினுப்பு வந்துவிடும். ஆனால் பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை அங்கேயே அடிக்காதீர்கள். அந்தச் 'சீத்' சத்தத்துக்குப் பல குதிரைகள் மிரளும். வெளிர் நிறங்களும் மங்கும். மனிதத் தோலுக்கு அடுக்கு மேல் அடுக்காகப் போட்டால் தாளின் சொரசொரப்பு நிரம்பி, அடுத்த நிறம் ஒட்டாமல் சேறாகும்.

மனித முகத்துக்கு எங்கள் ஓட்டு எண்ணெய் வண்ணத்துக்கே. வெள்ளை, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), ஐவரி கறுப்பு: ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரில் வழங்கும் இந்த நான்கே தோலுக்கும் பழுப்புக் குதிரைக்கும் போதும். கறுப்புக் குதிரைக்கு வெறும் கறுப்பைப் பூசினால் கான்வாஸில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். முதுகு, கன்ன எலும்பின் மேற்பரப்பு வானத்தின் ஒளியை வாங்கும். அங்கே கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் வைத்தால், பக்கத்தில் உள்ள சிவப்பு, மஞ்சள் போன்ற சூட்டு நிறங்களால் அதுவே நீலமாகத் தெரியும். லாயத்தில் ஒரே தொல்லை, ஈர வண்ணத்தில் வைக்கோல் தூசியும் மயிரும் ஒட்டுவதுதான்.

இருவரும் ஒரே படத்தில் என்றால் குதிரையை முதலில் முடியுங்கள், ஆள் காத்திருப்பார். குதிரையின் தோள்மேடு, அதாவது கழுத்தும் முதுகும் சேரும் மேடு, ஆளின் எந்த மட்டத்துக்கு வருகிறது என்பதை அங்கேயே குறியுங்கள். குதிரையின் உயரத்தை அதுவரைதான் அளப்பார்கள்; 160 செ.மீ. குதிரையின் தோள்மேடு, 170 செ.மீ. ஆளின் கண்மட்டத்தை ஒட்டி வரும். குறிக்காமல் ஸ்டூடியோவுக்குப் போனால், ஆள் ராட்சசனாவார், இல்லையேல் குதிரை மட்டக்குதிரையாகும்.