எண்ணை நம்புவதா, மரத்தை நம்புவதா? 1969 ஃபெண்டர் கஸ்டமும் ஸ்விங்கரும்

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று அசலா போலியா என்று பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். கழுத்தில் 1963 என்று முத்திரை, உள்ளே இருக்கும் வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் அடியில் இருக்கும் மின்பாகம்) மேல் 1963, பின்தகட்டு எண்ணும் அந்த வருடத்துக்கே பொருந்துகிறது என்றால் நிம்மதி. ஸ்டிராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் மாதிரி வழக்கமான கிட்டார்களுக்கு இந்த அளவுகோல் நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் 1969-70இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் வெளியிட்ட ‘கஸ்டம்’ கிட்டார் மேல் இதே அளவுகோலை வைத்தால் அசலைத்தான் போலி என்று ஒதுக்குவோம். கழுத்து முத்திரை இரண்டு மூன்று வருடம் முந்தையது. பாட் 1966. தலைப்பகுதியில் அடைத்து மூடிய ஓட்டைகள். உடலின் அடிப்பக்கம் வெட்டிக் கூராக்கப்பட்டிருக்கிறது. வேறு எந்தக் கிட்டாரில் பார்த்தாலும் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வோம். இந்தக் கிட்டாரில் இவை இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் அது பிறந்த விதம். 1965 ஜனவரியில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதே வருடம் எலெக்ட்ரிக் ட்வெல்வ் என்ற பன்னிரண்டு கம்பி கிட்டார் சந்தைக்கு வந்தது. அப்போது பன்னிரண்டு கம்பி ஒலிக்கு அமெரிக்காவில் பெரிய மோகம். மோகம் சீக்கிரமே வடிந்துவிட, கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் உடல்களும் கழுத்துகளும் தேங்கின. பேஸ் ஃபைவ் என்ற ஐந்து கம்பி, பதினைந்து ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) கொண்ட பேஸ் கிட்டாரும் (தாழ்ந்த சுரங்களுக்கானது) விற்கவில்லை. அதன் உடல்களும் மிச்சம். இவற்றை எப்படியாவது கிட்டாராக்கி விற்கும் பொறுப்பு வர்ஜிலியோ ‘பேப்’ சிமோனி என்ற ஃபெண்டர் ஊழியரிடம் வந்தது. எலெக்ட்ரிக் ட்வெல்வ் மிச்சத்திலிருந்து கஸ்டம் வந்தது (சில கிட்டார்களின் தலையில் அதற்கு மேவரிக் என்று பெயர்). பேஸ் ஃபைவ் உடல்களிலிருந்தும், மியூசிக்மாஸ்டர் என்ற இன்னொரு ஃபெண்டர் கிட்டாரின் மிச்சங்களிலிருந்தும் வந்தது ஸ்விங்கர்.

எனக்கு இந்த இரண்டு கிட்டார்கள் மேலும் தனிப் பிரியம் உண்டு. வீணாகப் போக வேண்டிய மரத்தை எடுத்து, ரம்பமும் இழைப்புமாக ஒருவர் புது உருவம் கொடுத்திருக்கிறார். அந்த வேலையின் தடம் கிட்டாரிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

சரி, ஒவ்வொரு சாட்சியாக எடுத்து, எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம்.

பின்தகட்டு எண்

விற்பவர் முதலில் காட்டுவது இதைத்தான். சாட்சிகளில் மிகவும் பலவீனமானதும் இதுதான். நான்கு திருகுகளால் கழுத்தை உடலோடு பிணைக்கும் இரும்புத் தகட்டில் எண் அடித்திருக்கும். 1965க்குப் பிறகு பெரிய ‘எஃப்’ எழுத்தும் சேர்ந்தது. தொழிற்சாலையில் இந்தத் தகடுகளை எண் வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை, பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்தார்கள். அதனால் அசல் கிட்டார்களிலேயே எண்களும் வருடங்களும் நூல் பிடித்தாற்போல் அமைவதில்லை. தகட்டைக் கழற்றி இன்னொரு கிட்டாரில் மாட்ட ஐந்து நிமிடம் போதும்.

இருந்தாலும் இந்த எண்ணை வைத்துச் சிலவற்றைத் தள்ளிவிடலாம். எண்ணுக்கு முன்னால் ‘எல்’ எழுத்து இருந்தால் அந்தத் தகடு 1962 இறுதி முதல் 1965 வரையிலான காலத்தது. எண் தகட்டில் இல்லாமல் தலைப்பகுதியின் ஸ்டிக்கரில் இருந்தால் அந்தக் கழுத்து 1976 அல்லது அதற்குப் பிந்தையது. இரண்டுமே 1969 கஸ்டமுக்குப் பொருந்தாது. இதைத் தாண்டி இந்த எண்ணிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கழுத்து முத்திரையும் பாட் எண்ணும்

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. இரண்டுமே தேதி சொல்கின்றன, ஆனால் வேறு வேறு தேதிகளை.

கழுத்தைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் மையால் அடித்த முத்திரை தெரியும். 1962 முதல் இந்த வழக்கம். உதாரணமாக 2, டிசம்பர், 62, பி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலரும் இதை 1962 டிசம்பர் 2ஆம் தேதி என்று படித்துவிடுகிறார்கள். முதலில் வரும் 2 நாள் அல்ல, அது மாடலின் குறியீடு. அந்தக் காலத்தில் 2 என்றால் ஸ்டிராட்டோகாஸ்டர். கடைசியில் வரும் ‘பி’ கழுத்தின் அகலம்: மேல்முனையில் நட் (கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) இருக்கும் இடத்தில் ஒன்றே ஐந்தெட்டு அங்குலம். ‘ஏ’ என்றால் ஒன்றரை, ‘சி’ என்றால் ஒன்றே முக்கால். ஆக, முத்திரை எந்த மாடலுக்காகச் செய்த கழுத்து என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கஸ்டமைப் பொறுத்தவரை இது முக்கியம். எலெக்ட்ரிக் ட்வெல்வுக்காகச் செய்து தேங்கிய கழுத்து என்பதால், கிட்டார் விற்பனைக்கு வந்த வருடத்துக்கு முந்தைய தேதி இருப்பதுதான் இயல்பு. முத்திரை கச்சிதமாக 1969 என்று வந்தால் நான் இன்னொரு முறை பார்ப்பேன்.

பாட்டின் முதுகில் ஏழு இலக்க எண் இருக்கும். 1376633 என்றால், 137 சிடிஎஸ் நிறுவனம், 66 வருடம், 33 அந்த வருடத்தின் முப்பத்து மூன்றாவது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம். மின்னணு உதிரிப்பாகங்கள் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் இருந்த பொதுக் குறியீடு இது. கிட்டாருக்கென்று வைத்ததல்ல, அதனால்தான் நம்பகமானது. ஆனால் இந்த எண் சொல்வது பாட் எப்போது செய்யப்பட்டது என்பதை மட்டும்தான். கிட்டார் அந்த வாரத்துக்கு முன்னால் முடிந்திருக்க முடியாது, அவ்வளவே. எவ்வளவு பின்னால் வேண்டுமானாலும் முடிந்திருக்கலாம். 1966இல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அந்த இருப்பு 1969 வரை போனது. எனவே 1969 கிட்டாருக்குள் 1966 பாட் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 1972 என்று இருந்தால்தான் கேள்வி: பாட்டை மாற்றினார்களா, கிட்டாரையே பிறகு செய்தார்களா?

இரண்டில் எது பலமான சாட்சி? என் கணக்கில் கழுத்து முத்திரைதான், ஆனால் கொஞ்சம் வித்தியாசத்தில் மட்டும். பழைய பாட்கள் தனியாகவும் விற்கின்றன. சரியான வருடத்துப் பாட்டை வாங்கி மாட்டுவது கடினமல்ல. அங்கே பார்க்க வேண்டியது எண்ணை விட, பாட்டோடு மின்கம்பியை ஒட்டிய ஈயப் பற்றை. ஐம்பது வருடப் பற்று மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், ஒரே தடவையில் வைத்ததாக இருக்கும். பளபளவென்று இருந்தாலோ, பழைய பற்றின் மேல் புதுப் பற்று குமிழ் மாதிரி உட்கார்ந்திருந்தாலோ யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். அதற்காக மோசடி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாட் கரகரத்தால் மாற்றுவது சாதாரண ரிப்பேர்தான்.

தலையில் இருக்கும் பெயர்

இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பல ஸ்விங்கர்களின் தலையில் ஸ்விங்கர் என்ற பெயரே இல்லை, ஃபெண்டர் என்று மட்டும் இருக்கும். கஸ்டமில் ‘கஸ்டம்’ பரவலாகவும் ‘மேவரிக்’ அரிதாகவும் வரும். அந்த அரிதான பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால் எச்சரிக்கை தேவை. பெயர் ஸ்டிக்கர்களைப் புதிதாக அச்சிட்டே விற்கிறார்கள்.

பெயிண்ட்

இங்கே விஷயம் நிறைய இருக்கிறது. 1968 வாக்கில் ஃபெண்டர் மெல்லிய நைட்ரோ லாக்கரை விட்டுத் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. ஆனால் தலைப்பகுதியின் முன்முகத்தில் மட்டும் நைட்ரோவைத் தொடர்ந்தார்கள், ஏனென்றால் பாலியெஸ்டர் பெயர் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகவில்லை. அதனால் அந்தக் காலக் கிட்டார்களில் தலையின் முகம் மட்டும் வயதாகி மஞ்சளித்து, கழுத்தின் மற்ற பகுதி வெளுப்பாகவே இருப்பதைப் பார்க்கலாம். இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்தால் பழைய நைட்ரோ பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். புதுப் பூச்சு அப்படி ஒளிராது. இடையில் தொட்டுப் பூசிய இடங்கள் திட்டாகத் தெரியும்.

கஸ்டமில் விளக்கை முக்கியமாக இரண்டு இடங்களில் அடிக்க வேண்டும். ஒன்று, உடலின் கூரான அடிமுனை. தொழிற்சாலையில் மரத்தை வெட்டியது முதலில், பெயிண்ட் அப்புறம். எனவே வெட்டின் விளிம்பைத் தாண்டிப் பூச்சு ஒரே மாதிரி ஓட வேண்டும். பிற்காலத்தில் ஒருவர் வெட்டியிருந்தால் அங்கே பூச்சு மாறும். அல்லது உடல் முழுவதையும் மறுபடி பூசியிருப்பார்.

முழுதும் மறுபடி பூசியதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்தைக் கழற்றிய பள்ளத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பெயிண்ட் அடிக்கும்போது உடலைப் பிடித்துக்கொள்ள கழுத்துப் பள்ளத்தில் ஒரு கட்டையைத் திருகி வைப்பார்கள். கட்டை மறைத்த இடத்தில் பெயிண்ட் ஏறாது, நீளமாக வெறும் மரம் தெரியும். பள்ளம் முழுவதும் பெயிண்ட் இருந்தால் பிற்காலப் பூச்சு என்று சந்தேகப்படலாம். விளக்கை அடிக்க வேண்டிய இரண்டாவது இடம் தலைப்பகுதி. அதைப் பற்றிக் கீழே.

மரம்

என் வாதமே இதுதான்: இந்தக் கிட்டார்களுக்கு மரம்தான் முதல் சாட்சி. எண்கள் அதற்குப் பக்கபலம் மட்டுமே.

கஸ்டமின் தலை பன்னிரண்டு கம்பிக்காகச் செய்தது, ஹாக்கி மட்டை போல வளைந்து நீண்டிருக்கும். வீணையில் பிருடைக்குத் துளை போடுவது போலப் பன்னிரண்டு டியூனருக்கான துளைகள். ஆறு கம்பிக் கிட்டாராக மாற்றும்போது மிச்சத் துளைகளை அடைத்து, முன்னும் பின்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டி மூடினார்கள். தலையின் பக்கவாட்டு விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். நடு மரத்தின் இரு பக்கமும் மெல்லிய அடுக்கு கோடாகத் தெரிய வேண்டும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் அடைத்த துளைகளின் வட்டம் லேசாக அமுங்கித் தெரியவும் கூடும். அந்த மரத்தகட்டின் மேல் பழைய நைட்ரோ ஒளிர்கிறதா என்பதுதான் புற ஊதா விளக்குக்கான இரண்டாவது வேலை. அடைப்பு தொழிற்சாலையில் நடந்ததா, பிறகு நடந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

ஃப்ரெட் பலகை ரோஸ்வுட் (நம் ஈட்டி மரத்தின் இனம்), விளிம்பில் வெள்ளைக் கரையும் செவ்வகப் பதிப்புகளும் இருக்கும். எலெக்ட்ரிக் ட்வெல்வில் இருந்ததேதான். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்தால் பன்னிரண்டே முக்கால் அங்குலம் வர வேண்டும். பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகங்கள்) எலெக்ட்ரிக் ட்வெல்வின் இரண்டாகப் பிரிந்த வகை. கம்பி மாட்டும் வால்பகுதி மட்டும் ஃபெண்டரின் மஸ்டாங் கிட்டாரின் டிரெமோலோ (கம்பிகளின் சுருதியை அசைக்கும் பாகம்).

ஸ்விங்கரின் முகம் வேறு. ஈட்டி முனை போலக் கூரான தலை. உடலின் அடியில் அரைவட்டமாகக் கடித்தெடுத்தது போன்ற வெட்டு. கழுத்து குட்டை: நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் பதினொன்றே கால் அங்குலம். பிக்கப் ஒன்றே ஒன்று. பிக்கார்டைக் (உடலின் முன்பக்கத்தை மூடும் தகடு) கழற்றினால்தான் உண்மை வெளிவரும். பேஸ் ஃபைவ் உடலில் செய்ததென்றால், பேஸின் பிரிந்த பிக்கப்புக்காகத் தோண்டிய குடைவு இந்தக் கிட்டாருக்குத் தேவையே இல்லாத இடத்தில் இருக்கும். குட்டிக் கிட்டாருக்குள் இருக்கும் பேஸ் குடைவு! போலி செய்கிறவர் இதையும் போலி செய்ய வேண்டுமென்றால் அசல் பேஸ் ஃபைவ் ஒன்றைத் தேட வேண்டும்.

இரண்டில் எதை நம்பி வாங்கலாம்?

போலி செய்வதற்கு எது எளிது என்று கேட்டால், ஸ்விங்கர். மியூசிக்மாஸ்டரும் மஸ்டாங்கும் பெருவாரியாகச் செய்யப்பட்டவை, எளிதில் கிடைப்பவை. அவற்றில் ஒன்றின் அடியை வெட்டி, தலையைக் கூராக்கினால் தூரத்திலிருந்து ஸ்விங்கர்தான். மியூசிக்மாஸ்டர் உடலில் செய்த அசல் ஸ்விங்கர்களும் இருப்பதால், பேஸ் குடைவு இல்லை என்பதை மட்டும் வைத்து ஒன்றைத் தள்ளிவிடவும் முடியாது. அப்படிப்பட்ட கிட்டாரில் பெயிண்ட், கழுத்துப் பள்ளம், வெட்டின் விளிம்பு மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

கஸ்டமைப் போலியாகச் செய்ய எலெக்ட்ரிக் ட்வெல்வ் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். அதுவே மதிப்புள்ள, அதிகம் கிடைக்காத கிட்டார். அதை வெட்டிக் கஸ்டமாக்குவதில் லாபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனவே மரத்தகடு ஒட்டிய தலையும், பூச்சு மாறாத அடிமுனையும் இருக்கும் கஸ்டமை, பின்தகட்டு எண் வேறாக இருந்தாலும் நான் நம்புவேன். எண்ணும் பாட்டும் கச்சிதமாக 1969ஐக் காட்டி, தலையின் விளிம்பில் அடுக்குத் தெரியாத ஒன்றை நம்ப மாட்டேன்.

படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் விற்பவரிடம் பின்தகட்டுப் படத்தைக் கேட்க வேண்டாம், அதை அவரே அனுப்புவார். கஸ்டம் என்றால் தலையின் பக்கவாட்டு விளிம்பை மிக அருகில் எடுத்த படம். ஸ்விங்கர் என்றால் பிக்கார்டு இல்லாத உடலின் படம். அப்புறம் இரண்டுக்கும் பொதுவாக, கழுத்தைக் கழற்றி அடி முத்திரையும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம். திருகைக் கழற்ற மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், விலையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.