செங்கோட்டைச் சாரலில் நான்கு வருடம்: என் ஹெட்ஃபோனும் ஸ்பீக்கரும்

என்ன ஹெட்ஃபோன் வாங்கலாம், என்ன ஸ்பீக்கர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எந்த ஊர், அறை எவ்வளவு பெரிது, வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். நான்கு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்ட பிறகு சொல்கிறேன். பொருளின் விலையைவிட இந்த மூன்றும்தான் என் காதுக்கு வந்த ஒலியை அதிகம் மாற்றியிருக்கின்றன.

ஊர் செங்கோட்டை. ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கும், கூடவே சாரலும் வரும். பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகை இரவு முழுக்கப் படபடக்கும். இந்த வீட்டின் 10 அடி அகல அறை ஒன்றில், பழைய வில்லுப்பாட்டு கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி வருகிறேன். கோயில் கொடை விழாக்களில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தவை அவை. பல கேசட்டுகளுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. அதனால்தான் நல்ல கருவி வேண்டும் என்று இறங்கினேன்.

முதலில் வாங்கியது ஹெட்ஃபோன். புதிதாகத் தொடங்குகிறவருக்கும் அதையே சொல்வேன். ஹெட்ஃபோனுக்கு அறை ஒரு பொருட்டில்லை, ஸ்பீக்கருக்கு அறைதான் பாதி. 2021-இல் சென்ஹைசர் எச்டி 560எஸ் வாங்கினேன். பின்பக்கம் திறந்த வகை, எடை 240 கிராம், காதுமெத்தையில் வெல்வெட் போன்ற துணி. மூன்று மணி நேரம் மாட்டியிருந்தாலும் காது வேர்த்து நனைவதில்லை. மின்தடை 120 ஓம் என்று பார்த்ததும் இதற்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் தனி ஆம்ப் வேண்டுமோ என்று அப்போது பயந்தேன். ஆனால் ஓம் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சென்சிடிவிட்டியையும், அதாவது கொடுக்கும் வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு 1 வோல்ட் கொடுத்தால் 110 டெசிபெல் சத்தம் வரும் என்பது நிறுவனம் தரும் கணக்கு. கணினியில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும், 1 வோல்ட் தரும் சின்ன யுஎஸ்பி டாங்கிளே போதும். முதல் சில மாதங்கள் அப்படித்தான் ஓட்டினேன், குறை ஒன்றும் தெரியவில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல்லுக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் 110 டெசிபெல் எவ்வளவு தாராளம் என்று பாருங்கள்.

இந்த ஹெட்ஃபோன் எனக்குச் செய்த பெரிய உதவி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் நகரும். அவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில், அதைப் படிக்கும் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் உச்ச ஒலிகள் போய்விடும். பதிந்த டேப் ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு, கேசட்டை ஓட்டும் நம் டெக்கின் ஹெட்டையும் கொண்டுவர வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு குட்டித் திருகாணி இருக்கும். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஹெட்ஃபோனில் விட்டு, காந்தம் ஏறாத திருப்புளியால் அதை மெல்லத் திருப்புவேன். வில்லில் கட்டிய மணிகள் முதலில் துணிக்குள் குலுங்குவதுபோல் மங்கலாகக் கேட்கும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே போதும், திடீரென்று வீசுகோல் படும் ஒவ்வொரு அடிக்கும் மணி தனித்தனியாகச் சிணுங்கும். அந்த நொடியில் எனக்கு இன்றும் புல்லரிக்கும். கேசட்டுக்குக் கேசட்டு இந்தத் திருகலைச் செய்கிறேன்.

டாங்கிளிலிருந்து ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை என்ற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்கு மாறியது ஒலிக்காக இல்லை. டெக்கிலிருந்து உள்ளே ஏற்ற இரண்டு இன்புட் வேண்டும், ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி வால்யூம் வேண்டும். அதற்காகத்தான். ஏற்றும் வேலை இல்லாமல் பாட்டுக் கேட்க மட்டும் மேசை அமைப்பவர் இதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்பீக்கர் பக்கம் வந்ததும் தொல்லை தொடங்கியது. முதலில் வாங்கிய ஜோடியை, பெயர் வேண்டாம், இணைத்த அன்றே 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். ஸ்பீக்கர்தான் பழுது என்று திருப்பி அனுப்பி வேறு ஜோடி வாங்கினேன். அதிலும் அதே இரைச்சல். ஒருநாள் வெறுங்காலோடு கணினிப் பெட்டியைத் தொட்டபோது விரலில் சுர்ரென்றது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. எலக்ட்ரீஷியன் வந்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பை மாட்டிப் பார்த்தார். பல்பு மினுக்கென்று எரிந்து அணைந்தது. சுவரில் மூன்று துளை இருந்தது, எர்த் இல்லை. பல வருடமாகப் பிளக்கின் மூன்றாவது காலை நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். எர்த் இல்லாவிட்டால் கணினியின் பவர் சப்ளையிலுள்ள ஃபில்டர் வழியாகக் கசியும் கரண்ட் பெட்டியின் உடம்பிலேயே நிற்கும். விரலில் சுர்ரென்றதும் அதுதான்.

கொல்லையில் புதிதாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, குழாய் இறக்கி எர்த் எடுத்தோம். ஷாக் நின்றது, இரைச்சல் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. கணினி, டெக், ஸ்பீக்கர் எல்லாம் எர்த் கம்பியாலும் ஆடியோ கம்பியாலும் ஒரு வளையமாகச் சேர்ந்திருந்தன. அந்த வளையத்தில் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சுற்றிக்கொண்டே இருக்கும். சிலர் எர்த் காலை வெட்டிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகைக்குக் கொண்டுவந்து, ஸ்பீக்கருக்கு, வழியில் ஏறும் இரைச்சலை ரத்து செய்துவிடும் பேலன்ஸ்டு கேபிள் போட்டேன். இரைச்சல் அடியோடு போனது.

இப்போது இருப்பது எடிஃபையர் எம்ஆர்4. 2023 தொடக்கத்தில் வாங்கியது. பேலன்ஸ்டு இன்புட் இருக்கும் ஸ்பீக்கராகத் தேடியதில் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது இதுதான். அடி ஒலிகளைத் தரும் வூஃபர் 4 அங்குலம், 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று குறித்திருக்கிறார்கள். என் அறைக்கு அது போதும். சப்வூஃபர் வாங்கும் எண்ணம் இல்லை.

ஆனால் இந்த ஸ்பீக்கரை எனக்குச் சரியாக வைத்துக்கொடுத்தவர் ஒரு குடக்காரர். வில்லுக் குழுவில் குடம் அடித்தவர், எழுபது வயதுக்கு மேல். தன் குழுவின் கேசட்டைக் கேட்க ஒரு சாயங்காலம் வந்தார். என் நாற்காலியில் உட்கார வைத்து ஓட்டினேன். குடம் வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, குடத்துல தண்ணி ஊத்தி வச்சு அடிச்ச மாதிரி இருக்கு. நான் இப்படியா அடிச்சேன்?"

"கேசட் பழசுல்லா அண்ணாச்சி."

"கேசட்டு இல்ல." எழுந்து அறைக்குள் நடந்தார். சன்னலை ஒட்டி இரண்டு எட்டு வைத்து நின்றார். "இங்க வந்து நில்லு. பத்தி தனியா கேக்கு, காசு தனியா கேக்கு."

போய் நின்றேன். உண்மைதான். பத்தி என்ற தட்டும் மட்டை குடத்தின் வாயில் விழும் 'தும்' தனியாக, காசு தட்டும் 'டிண்' தனியாக. நாற்காலி இருந்த இடத்தில் இரண்டும் குழைந்திருந்தன. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 அடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் இரட்டிப்பான 112 அளவிலும் ஒலி தங்கிக் குமுறும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் 56 காணாமல் போகும், 112 வீங்கும். நான் சரியாக நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மேசையை நகர்த்தி, நாற்காலி ஒரு சுவரிலிருந்து நான்கு அடியில் வருமாறு செய்தேன். மரக்கடையில் இரண்டு தேக்குத் துண்டு அறுத்து வாங்கி ஸ்பீக்கருக்கு அடியில் வைத்து, உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரைக் காது உயரத்துக்கு ஏற்றினேன். மேசைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி அதனால் குறைந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் என் தலைக்கும் நடுவே மூன்று பக்கமும் மூன்றடி. ஸ்பீக்கரின் பின்பக்கத்து பாஸ் (அடி ஒலி) குமிழை ஒரு சிட்டிகை குறைத்தேன். இவ்வளவுக்கும் செலவு தேக்குத் துண்டுக்குக் கொடுத்த காசு மட்டும்.

இப்போது சீறலையும் வெட்டி ஒட்டிய இடங்களையும் ஹெட்ஃபோனில் பார்க்கிறேன். வில்லுப்பாட்டைப் பாடும் புலவர் குரலுக்கும் குடத்துக்கும் உள்ள அளவை ஸ்பீக்கரில்தான் முடிவு செய்கிறேன். ஹெட்ஃபோனில் சரி என்று தோன்றிய அளவு ஸ்பீக்கரில் குரலை அமுக்கியதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

சாரல் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்த வகை ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தகரம் படபடக்கும் இரவில் கேசட்டின் சீறல் எது, காற்று எது என்றே தெரியாது. ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கு மூடிய வகையான ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸுக்கு மாறிவிடுகிறேன். கணவாய் ஓரத்தில், கம்பம், போடி பக்கம் இருப்பவர்களும் திறந்த வகை வாங்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். முன்பு வைத்திருந்த வேறொரு ஹெட்ஃபோனின் ரெக்ஸின் மெத்தை இரண்டாவது மழைக்காலத்தில் கறுப்புச் செதிலாக உரிந்து காதெல்லாம் ஒட்டியது. துணி மெத்தை உரியாது, ஆனால் நனைந்தபடி விட்டால் பூஞ்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, பெரிய எவர்சில்வர் சம்படத்தில் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவிடுவேன். நீலமாக இருக்கும் ஜெல் சாரல் நாளில் ஐந்தாறு நாளிலேயே இளஞ்சிவப்பாகிவிடும். அடுப்புச் சட்டியில் லேசாக வறுத்தால் மறுபடி நீலமாகும். அதற்கென்று தனிச் சட்டி வையுங்கள், சமையல் சட்டியில் செய்யக் கூடாது.

மெத்தையின் பஞ்சு இப்போது அமுங்கிவிட்டது, எந்த ஹெட்ஃபோனுக்கும் நடப்பதுதான். காது உள்ளே இடிக்கத் தொடங்கியதால் புது ஜோடி மெத்தைக்குச் சொல்லியிருக்கிறேன். குடக்கார அண்ணாச்சி இன்னும் பதினோரு கேசட் கொடுத்துவிட்டிருக்கிறார். காற்று இறங்குவதற்குள் அவற்றை ஏற்றி முடிக்க வேண்டும்.