சொந்த சேனலா, கூட்டு சேனலா? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் ஒளிபரப்புப் போட்டி

அமெரிக்கக் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. 1984 வரை அமெரிக்கக் கால்பந்தின் ஒளிபரப்பு உரிமை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பின் பிடியில் இருந்தது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அதன்பின் கான்ஃபரன்ஸுகள் படிப்படியாகத் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே விலைபேசத் தொடங்கின.

இவற்றில் பிக் டென், பாக்-12 இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் அதிகம் கற்றுத்தரும்.

பிக் டென் 2007 ஆகஸ்டில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தன் சேனலைத் தொடங்கியது. காம்காஸ்ட் போன்ற பெரிய கேபிள் நிறுவனங்கள் முதல் ஆண்டில் அதை ஏற்கவில்லை. ஆனால் ஃபாக்ஸின் தாய் நிறுவனத்துக்கு அப்போது டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் சேவையில் கட்டுப்பாட்டுப் பங்கு இருந்தது. எனவே முதல் நாளிலிருந்தே வீடுகளுக்குள் நுழைய வழி கிடைத்தது. தொடங்கிய மூன்றாம் நாளே, பிக் டென்னின் பலம்வாய்ந்த மிச்சிகனைக் கீழ்ப்பிரிவில் ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என வீழ்த்திய ஆட்டம் அந்தச் சேனலில்தான் வந்தது. நாடே பேசிய ஆட்டம் அது. கேபிள் நிறுவனங்களை நெருக்க ரசிகர்களுக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே காம்காஸ்ட் இறங்கிவந்தது.

பாக்-12 யாரையும் பங்குக்குச் சேர்க்கவில்லை. 2012இல் ஒரு தேசிய சேனல், ஆறு வட்டார சேனல்கள் என ஏழு சேனல்களையும் முழுச் சொந்தமாகத் தொடங்கியது. லாபம் முழுவதும் தனக்கே என்பது கணக்கு. ஆனால் டைரக்டிவி கடைசிவரை ஒப்பந்தத்துக்கு வரவில்லை; அதை வரவழைக்கும் பலமுள்ள பங்காளியும் இல்லை. சரக்கு சொந்தம், சந்தைக்குப் பாதை அடுத்தவனுடையது என்ற நிலை. இது எனக்கு வருத்தம் தருகிறது. வாலிபால், வாட்டர் போலோ, சாஃப்ட்பால், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றுக்கு அந்தச் சேனல்கள் தந்த இடம் பெரியது. ஒலிம்பிக் வீரர்களை வளர்த்த கல்லூரிகளின் ஆட்டங்கள் அவை. பார்க்க விரும்பிய பலரின் வீட்டில் அந்தச் சேனல் வரவே இல்லை.

2023இல் ஆப்பிள் நிறுவனம் பாக்-12க்கு இணையச் சந்தாவை நம்பி ஒரு திட்டத்தை முன்வைத்தது. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்தே வருமானம் உயரும். அந்த நிச்சயமின்மையை அதன் உறுப்பினர்களான ஓரிகனும் வாஷிங்டனும் ஏற்காமல் பிக் டென்னுக்குப் போய்விட்டன. 2024 ஜூன் 30 அன்று பாக்-12இன் சேனல்கள் மூடப்பட்டன.

எஸ்இசி என்ற தென்கிழக்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸ் தேர்ந்தது மூன்றாவது வழி: சேனலின் உரிமையையே இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் விட்டுவிட்டது. 2014இல் தொடங்கும் முன்பே பெரிய கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் கையெழுத்திட்டிருந்தன. குறை என்னவென்றால், 2024 முதல் முக்கிய ஆட்டங்கள் எல்லாம் ஒரே நிறுவனக் குடும்பத்தின் கையில். ஆட்ட நேரத்தை முடிவுசெய்வதும் அதுவே.

பார்ப்பவர் பக்கம் நின்றால் என் வாக்கு பிக் டென்னுக்கே. சனிக்கிழமை நண்பகல் ஃபாக்ஸ், பிற்பகல் சிபிஎஸ், இரவு என்பிசி என்று எளிதாக நினைவில் நிற்கும் வரிசை. மூன்றும் ஆன்டெனா வைத்தாலே இலவசமாகக் கிடைப்பவை. பீகாக் என்ற கட்டணச் சேவையில் மட்டும் வரும் சில ஆட்டங்கள்தான் உறுத்தல். ஐவி லீக் போன்ற சிறிய கான்ஃபரன்ஸுகளுக்கு நிலைமை வேறு. தொலைக்காட்சியில் குறைவாகவே இடம் கிடைக்கும் அவற்றின் ஆட்டங்களுக்கு, இஎஸ்பிஎன் பிளஸ் என்ற இணையச் சேவையோடு ஐவி லீக் 2018இல் செய்த ஒப்பந்தம் போன்ற இணைய வழியே பொருத்தம்.