பால் கெல்லி: பல வருஷம் கேட்டும் அலுக்காத பாட்டுக்காரர்

பால் கெல்லியைப் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். 1955-ல் அடிலெய்டில் பிறந்த ஆஸ்திரேலியர். எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் அவரே. குரல் ஒன்றும் கணீர்க் குரல் அல்ல. லேசாக மூக்கால் பாடுவார், சங்கதிகள் கிடையாது. ஆனால் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிற மாதிரி இருக்கும். என்னை இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

'ஹவ் டு மேக் கிரேவி' (1996) ஒன்றே போதும். சிறையில் இருக்கும் ஜோ, டிசம்பர் 21-ஆம் தேதி தன் சகோதரன் டானுக்கு எழுதும் கடிதம்தான் பாட்டு. பல்லவியே கிடையாது. நான் இல்லாமல் இந்தக் கிறிஸ்துமஸுக்கு கிரேவி யார் செய்வார்கள் என்று கேட்டுவிட்டு, மாவு, உப்பு, கொஞ்சம் சிவப்பு ஒயின், கடைசியில் தக்காளி சாஸ் என்று பக்குவம் சொல்கிறான். அப்புறம் வீட்டில் எல்லோரும் ஆடுவார்களே என்ற நினைப்பு வருகிறது. என் மனைவி ரீட்டாவோடு ஆடு, ஆனால் ரொம்ப நெருக்கிப் பிடிக்காதே என்கிறான். உடனே, சொல்ல வந்தது அது இல்லை என்று பதறிப் பின்வாங்குகிறான். அந்த இடத்தில் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் 21-க்கு 'கிரேவி டே' என்றே பேர் வந்துவிட்டது.

இசை வகைகளில் அவருக்கு எல்லையே இல்லை. 'ஃபாகி ஹைவே' (2005) முழுக்க புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை. 'மெர்ரி சோல் செஷன்ஸ்' (2014) ஆல்பத்தில் பல பாட்டுகளை விகா, லிண்டா புல் போன்ற மற்றவர்களுக்கே பாடக் கொடுத்துவிட்டார். 2016-ல் ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளுக்கு, அதாவது பதினாலு வரிக் கவிதைகளுக்கு, மெட்டுப் போட்டார். மதிக்கிறேன், அடிக்கடி கேட்பதில்லை.

பழங்குடிப் பாடகர் கெவ் கார்மடியோடு சேர்ந்து எழுதிய 'ஃப்ரம் லிட்டில் திங்ஸ் பிக் திங்ஸ் க்ரோ' வேறு ரகம். 1966-ல் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேலையை விட்டு வெளியேறிய குரிஞ்சி என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் கதை அது. 1975-ல் பிரதமர் விட்லம் லிங்கியாரியின் கையில் மண்ணைக் கொட்டி நிலத்தைத் தந்தது வரை ஒரே எளிய மெட்டில் போகிறது. பிரசங்கம் கிடையாது, யார் என்ன சொன்னார்கள், அடுத்து என்ன நடந்தது, அவ்வளவுதான். அதனாலேயே கோபம் நமக்குள் ஊறுகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் 'லைஃப் இஸ் ஃபைன்' (2017) எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலிய ஆல்பம் வரிசையில் அவருக்கு முதலிடம் கிடைத்ததே அதில்தான், 62 வயதில். பிடித்துப்போனால், அடுத்து 1985-ல் வந்த 'போஸ்ட்'. பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிட்டார்தான். தனியாக, ஹெட்போனில் கேளுங்கள்.